நுழைவுத் தேர்வுப் பெருந்தகையாரின் மெய்க்கீர்த்தி

சோழ மன்னர்கள் கல்வெட்டில் முதலில் தம் வெற்றிகளையெல்லாம் பாடி முடித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் கோயில் விளக்குக்கு 96 ஆடு விட்ட சேதிக்கு வருவார்கள். நல்ல வழக்கம். அடியேனும் வாழ்த்திவிட்டே தொடங்குகிறேன்.

இந்தியத் திருநாட்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கத் தகுந்தவள் எவள், தகாதவள் எவள் என்பதை இரண்டே மணி நேரத்தில் தீர்த்துச் சொல்லும் ஞானதிருஷ்டி வாய்ந்தவரும், நூறு வினாக்களை நான்கு விடைகள் என்னும் நால்வகைப் படையோடு அணிவகுத்து நிறுத்தி எதிர்வந்த இளம்பெண்களைப் புறங்காணச் செய்யும் பெருவீரரும், கட்-ஆஃப் என்னும் வெண்கொற்றக் குடைக்கீழ் வீற்றிருந்து மூன்றிலொரு மதிப்பெண்ணில் ஓர் ஆயுளைத் திருத்தி எழுதும் செங்கோலரும் ஆகிய எய்ம்ஸ் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) நர்சிங் நுழைவுத் தேர்வுப் பெருந்தகையார் ஊழி ஊழி வாழ்க! அவர்தம் திருவடி நிழலில் தழைக்கும் கோச்சிங் சென்டர்கள் வாழ்க! டெஸ்ட் சீரிஸ்கள் வாழ்க! வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த தந்தைமார்களும் முடிந்தவரையில் வாழ்க!

பெருந்தகையாரின் திருமேனி அமைப்பே ஒரு தனி அழகு. இயற்பியல் 30 வினா, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. கூட்டினால் நூறு சரியாக வருகிறது. நர்சிங் என்ற விஷயம் இடைச்செருகலாகக்கூட உள்ளே நுழைந்து அந்த முழுமையைக் குலைக்கவில்லை. சிற்றறிவு படைத்தவர்கள் கையில் இந்த வேலையைக் கொடுத்திருந்தால், நர்ஸ் ஆகப் போகிறவளிடம் நர்ஸ் வேலையைப் பற்றி எதையாவது கேட்டுத் தொலைத்திருப்பார்கள். சீழ் வடியும் புண்ணைக் கண்டால் முகம் சுளிப்பாயா, இராத்திரி மூன்று மணிக்கு ஆறாவது தடவையாக ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் கிழவருக்கு எந்தக் குரலில் பதில் சொல்வாய், பெட்பேன் வைத்துப் பழக்கமுண்டா என்றெல்லாம் தாழ்ந்த விசாரணைகளில் இறங்கியிருப்பார்கள். நம் பெருந்தகையார் அத்தகைய வீட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை. பெண் யார், எப்படிப்பட்டவள், இந்த வேலைக்கு ஏன் வருகிறாள் என்பதெல்லாம் அவர் திருவுளத்தைத் தொட்டதே கிடையாது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: எறியப்பட்ட பந்து எங்கே விழும்?

ஆம், இயற்பியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுதான் அவர் மணிமுடி. செவிலியின் கைக்கும் நோயாளியின் நாடிக்கும் நடுவே கார்னோ இயந்திரத்தை நிறுத்திவைத்த மேதைமையை எந்த நாவால் பாடுவது? யங்கின் இரட்டைப் பிளவு, கிர்க்காஃபின் மின்சுற்று, நிலைமத் திருப்புத்திறன், விடுபடு வேகம், நாண்ட் கேட்டின் மெய் அட்டவணை என்று ஒவ்வொன்றாக வார்டின் வாசலில் காவலுக்கு நிற்கின்றன. அவற்றின் அனுமதி இல்லாமல் ஒரு பெண் ஒரு காய்ச்சல்காரியின் நெற்றியில் கை வைத்துவிட முடியாது. கோச்சிங் வகுப்பொன்றில் ஒரு மாணவி, வயதுக்குரிய துடுக்கோடு, “சார், இந்த நாண்ட் கேட் வார்டுல எங்க சார் வரும்?” என்று கேட்டாளாம். அந்த ஆசான் சற்றும் நிலைகுலையாமல், “வார்டுல வராதும்மா. கேள்வில வரும். எழுதிக்கோ” என்றாராம். உபநிடதங்களில் வைக்கத் தக்க மறுமொழி. அவள் எழுதிக்கொண்டாள் என்றும் கேள்வி.

இயற்பியலால் வார்டுக்கு யாதொரு பயனும் இல்லை என்று சொல்லும் நாத்திகர்களுக்கு ஒரு வார்த்தை. எறிபொருள் 45 டிகிரியில் கிளம்பினால்தான் அதிக தூரம் போகும் என்பது விதி. சோறு ஆறிப்போனது என்று கோபித்து நோயாளியின் மைத்துனர் எறியும் சாப்பாட்டுத் தட்டு எந்தக் கோணத்தில் புறப்படுகிறது என்று கண்ணால் அளந்து ஒதுங்கத் தெரிந்தவளல்லவா செவிலி? அந்தத் தட்டிலிருந்து அவளைக் காக்க மருத்துவமனையில் வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத நிலையில், தேர்வு தானாக முன்வந்து இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது பெருந்தன்மை.

இவ்வளவு கணக்குப் போடச் சொல்பவர் கணக்கு என்ற பாடத்தை மட்டும் கிட்டே அண்டவிடவில்லை என்பதில்தான் அவருடைய நுட்பம் ஒளிர்கிறது. பாருங்கள்: 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? பத்தாயிரம் சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 21. செவிலி ஒருத்தி தன் வாழ்நாளில் வேறெந்தக் கணக்கைப் போடாவிட்டாலும் இதைப் போட்டே ஆக வேண்டும். ஆகவேதான் பெருந்தகையார் இதைக் கேட்பதில்லை. தினமும் தேவைப்படுவதைக் கேட்பதில் தேர்வுக்கு என்ன கௌரவம் இருக்கிறது?

இன்சுலின் கதை இன்னும் உயர்ந்தது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு, 100 யூனிட் கொண்டதும் உண்டு. முன்னதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். இதையே தலைகீழாகச் செய்தால் 20 போக வேண்டிய இடத்தில் 50 போய்ச் சேரும். நோயாளியும் எங்காவது போய்ச் சேர்வார். ஐந்தாம் வகுப்பு வகுத்தலும் பெருக்கலும்தான் இங்கே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஐந்தாம் வகுப்பைத் தன் சமுகத்துக்குள் அனுமதிக்காத பெருந்தகையார், ஒளிமின் விளைவில் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றலைக் கணக்கிடச் சொல்வார். எலக்ட்ரான் ஒருபோதும் கோமாவுக்குப் போகாது. அதனிடம் கணக்குப் பிசகினாலும் உறவினர்கள் யாரும் கண்ணாடிக் கதவை உடைக்க மாட்டார்கள். எவ்வளவு முன்யோசனை!

நேரத்தை அவர் பகுத்தளிக்கும் அழகையும் சொல்ல வேண்டும். நூறு வினாவுக்கு 120 நிமிடம். ஒரு வினாவுக்கு 72 விநாடி. ஒழுங்கில்லாமல் துடிக்கும் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணு, பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே என்பது நர்சிங்கின் பாலபாடம். அந்த 60 விநாடியையும் ஒருத்தியின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதில் செலவழித்தால் மீதி 12 விநாடிதானே? அதற்குள் முப்பட்டகத்தின் விலகுகோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே பெருந்தகையார் தம் பெண்களுக்கு முதல் தீட்சையாக அருள்வது அவசரம். கேள்வியை முழுக்கப் படிக்காதே, எண்ணைப் பார், விடையைப் பார், அலகைப் பார், தட்டு, அடுத்தது போ. இந்தத் தீட்சை நன்றாக ஏறியவள் நாளை வார்டிலும் நோயாளி வாயைத் திறந்து பாதி வாக்கியம் சொல்லும்போதே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அவளை யாரும் மெதுவானவள் என்று குறை சொல்ல முடியாது.

தவறான விடைக்கு மூன்றிலொரு மதிப்பெண் கழியும். இதைக் கொடுமை என்று ஏசுகிறவர்கள் அதன் உள்ளிருக்கும் கருணையை உணராதவர்கள். மூன்று பிழை செய்தால் ஒரே ஒரு மதிப்பெண்தான் போகிறது! இவ்வளவு இரக்கமுள்ள கணக்கு எந்த ஐ.சி.யூ.விலும் கிடையாது. அங்கே முதல் பிழையிலேயே கணக்கு முடிந்துவிடும். தவிரவும், இந்தக் கழித்தலில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருப்பதைக் கோச்சிங் ஆசான்கள் கடைந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினால், நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விடையைத் தவறென்று ஒதுக்கிவிட்டு மீதி மூன்றில் எதையாவது அடித்தால், சராசரியில் வினாவுக்கு ஒன்பதிலொரு பங்கு மதிப்பெண் லாபம். ஆகவே, “ஒண்ணை எலிமினேட் பண்ணிட்டா அடிச்சிடு, யோசிக்காத” என்பது மந்திரம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடுவது எப்படி என்று ஒரு காலத்தில் செவிலியருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பதினேழு வயதிலேயே அந்தக் கெட்ட பழக்கம் வேரோடு பிடுங்கப்படுகிறது. மூன்று ஊசி மருந்துகளின் முன்னே நின்று, ஒன்று நிச்சயமாக இல்லை என்று ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து எடுக்கும் கையை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிச்சலுக்கு ரேங்க் உண்டு.

வேதியியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அணைவுச் சேர்மங்களின் நிறமும் ஆல்டால் குறுக்கமும் தெரிந்தவள் டெட்டாலைக் கலக்கும் அளவைக் குப்பியிலேயே படித்துக்கொள்வாள்.

உயிரியலில் மட்டும் பெருந்தகையாருக்குச் சிறிது பலவீனம் உண்டு என்பதை மறைக்க முடியாது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று மனித உடம்பின் பக்கம் அவ்வப்போது சறுக்கிவிடுகிறார். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு சைகஸின் வேருக்கும், பூக்கும் தாவரங்களின் இரட்டைக் கருவுறுதலுக்கும், மெண்டலின் பட்டாணிக்கும் திரும்பிவிடுவது ஆறுதல். சிறுநீரகத்தைத் தொட்டாலும் நெஃப்ரானுக்குள் ஹென்லே வளைவில் நடக்கும் எதிரோட்ட வித்தையோடு நின்றுகொள்வார். அங்கே வடிகட்டப்பட்ட திரவம் கடைசியில் வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் சேர்ந்து, அதை யாரோ அளந்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியிருக்கிறது என்ற அசிங்கமான கட்டத்துக்கு மாணவியை அழைத்துப் போக மாட்டார். நாகரிகம் என்றால் இது.

பொது அறிவுக்குப் பத்து வினா. எந்தக் கோப்பையை யார் வென்றார்கள், எந்த நாட்டின் தலைநகர் எது, எந்த விருது யாருக்கு என்பன போன்றவை. நோயாளி இரவில் தூங்காமல் புரளும்போது பேசிக்கொண்டிருக்க ஏதாவது வேண்டாமா? “வலிக்குது சிஸ்டர்” என்பவரிடம், “மங்கோலியாவின் தலைநகர் உலான் பாட்டர்” என்று சொல்லத் தெரிந்த செவிலி கிடைப்பது அவர் பூர்வ புண்ணியம்.

இனி, இத்தகைய பெருமானை எதிர்கொள்ள நடக்கும் தவத்தைப் பார்ப்போம். பிளஸ் டூ முடித்தவள் விடுதிக் கோச்சிங்கில் சேர்கிறாள். விடியற்காலை எழுப்புகிறார்கள்; படிப்பு. சாப்பாடு, படிப்பு. மாக் டெஸ்ட்; அதன் விடைத்தாளை வைத்துத் திட்டு; படிப்பு. சுவரில் ரேங்க் பட்டியல் தொங்கும். பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எண். முதல் ஆண்டு தவறினால் ரிபீட்டர் பேட்ச், அதற்குத் தனிக் கட்டணம். இத்தனை காலமும் அவள் ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாதுகாக்கப்படுகிறாள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளுக்குக் காய்ச்சல் வந்தால், வார்டன் அம்மா அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மற்றவர்களுக்குப் படிப்பு கெடக் கூடாதல்லவா? சக மாணவியின் நோயையே படிப்புக்கு இடைஞ்சலாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் நர்சிங் பயிற்சியின் முதற்படி என்று முன்னோர்கள் அறியாமல் போனார்கள்.

இதற்கு மாறான ஒருத்தியையும் எனக்குத் தெரியும். பக்கவாதத்தில் விழுந்த பாட்டியைப் பிளஸ் ஒன்னிலிருந்து பார்த்துக்கொண்டவள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதுகைத் துடைப்பாள், விரிப்பில் சுருக்கம் எடுப்பாள், குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கிழவி சாகும்போது உடம்பில் ஒரு புண் கிடையாது. அந்தத் தெருவே அவளை ‘நர்சம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. தேர்வு நேரமும் இரண்டு மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை பாட்டியைப் புரட்டிப் போட்டபோதும் அவள் ஒரு முழு மாக் டெஸ்டைக் கோட்டைவிட்டிருக்கிறாள்! காந்தப்புலத்தில் மின்னூட்டத்தின் வட்டப் பாதை வந்தபோது அவள் திருதிருவென்று விழித்ததில் வியப்பில்லை. பெருந்தகையார் அவளை நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதுபோல ஊதித் தள்ளினார். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். விரிப்பில் சுருக்கம் எடுத்த கை, நன்றாக மடிக்கிறாளாம்.

பிளஸ் டூவில் தொழிற்பிரிவை எடுத்து நர்சிங்கையே பாடமாகப் படித்துவிட்டு வருகிற பெண்களும் நம் மாநிலத்தில் உண்டு. இயற்பியலும் வேதியியலும் படிக்காதவள் என்றால் அவளுக்கு விண்ணப்பப் படிவமே அதிகம். நர்சிங் படிப்பில் சேர நர்சிங் படித்திருப்பது ஒரு தகுதியாகிவிட்டால் அப்புறம் உலகம் எங்கே போய் நிற்கும்? ஆண்களுக்கும் இந்தப் படிப்பின் வாசல் அடைத்திருக்கிறது. பணிநியமனத்தில் மட்டும் நூற்றுக்கு இருபது இடம் அவர்களுக்கென்று 2019இல் எய்ம்ஸ் முடிவு செய்தது. படிக்கக் கூடாது, வேலைக்கு வரலாம். இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ள முயன்று தோற்று, வணங்கி அப்பால் நகர்கிறேன்.

பெருந்தகையாருக்கு உடன்பிறந்த தமையனார் ஒருவர் இருக்கிறார்: நீட் என்பது திருநாமம். 720 மதிப்பெண் அவர் கிரீடம். புதுச்சேரி ஜிப்மரில் நர்சிங் சேரவும், ராணுவ நர்சிங் கல்லூரிகளில் சேரவும் அவர் சந்நிதானத்தில்தான் தலைவணங்க வேண்டும். ராணுவத்துக்கு அது போதாமல், பொது நுண்ணறிவையும் பொது ஆங்கிலத்தையும் சோதிக்க இன்னொரு தேர்வு வேறு. தமையனாரின் அருட்செயல் தனித்தன்மை வாய்ந்தது. டாக்டராக வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களையெல்லாம் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, முழுக்கைச் சட்டையையும் மூடிய ஷூவையும் காதுத் தோட்டையும் கழற்றச் சொல்லி, மூன்று மணி நேரம் சலித்து, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே நின்றவர்களை அனுப்பியபின், கீழே உதிர்ந்தவர்களிடம் “உனக்கு நர்சிங்” என்று வழங்குகிறார். இவ்வாறு வார்டுக்கு ஒரு செவிலி கிடைக்கிறாள். அவளுடைய முதல் விருப்பம் அதே வார்டில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அவள் நான்காண்டு படித்து, நாற்பதாண்டு வேலை பார்க்கலாம். தோல்வியை ஒரு தொழிலுக்கான நுழைவாயிலாகவே கட்டியெழுப்பிய சிற்பியை வேறெந்தத் துறையிலும் காண முடியாது.

இந்த மகிமைகளின் முன்னே தமிழ்நாட்டு அரசு இன்னமும் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்து நர்சிங் இடம் ஒதுக்கிக்கொண்டிருப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று மேதைகள் வருந்துகிறார்கள். தொழிற்கல்விச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வேண்டாமென்று 2006இல் சட்டமியற்றிய மாநிலமல்லவா! பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்பதெல்லாம் ஒரு சான்றா? இரண்டு மணி நேரம் தெரியாத ஊரில் கணிப்பொறித் திரையின் முன் உட்கார்ந்து எழுந்தாளா என்பதல்லவா கேள்வி?

முன்னோர்கள் எவ்வளவு பேதைகள் என்பதற்கு ஒரு சாட்சி. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியபோது, மாணவிகளைப் பற்றி மாதாமாதம் ஒரு தாளில் குறித்துவைக்க ஏற்பாடு செய்தார். நேரம் தவறாமல் வருகிறாளா, சத்தமில்லாமல் நடக்கிறாளா, நம்பத் தகுந்தவளா, சுத்தமாக இருக்கிறாளா, தானாக அசைய முடியாத நோயாளியை எப்படிக் கையாளுகிறாள், படுக்கையை எப்படி விரிக்கிறாள், நோயாளியை உற்றுக் கவனிக்கிறாளா. அம்மையாருக்குக் கணக்கு தெரியாது என்றும் சொல்ல முடியாது. லண்டன் புள்ளியியல் கழகம் முதன்முதலில் உறுப்பினராக ஏற்ற பெண்மணி அவர், 1858இல். ராணுவ மருத்துவமனைகளில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால் அதிகம் சாகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டியவர். இத்தனை கணக்கறிவு இருந்தும், மாணவிகளிடம் ஒரு கார்னோ இயந்திரத்தைக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே! அவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு மூத்த செவிலி மாதக்கணக்கில் கூடவே நின்று பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு செலவு, எவ்வளவு உழைப்பு! நம் பெருந்தகையார் ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு வேளை டீயோடு காரியத்தை முடித்துவிடுகிறார்.

வேலூரில் 1909இல் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கியபோது, பெண்களைப் படிக்கவும் பிறர் புண்ணைத் தொடவும் அனுப்ப வீட்டார் இசைவதே பெரும்பாடாக இருந்தது. வந்தவளைக் கொண்டாடி ஏற்றுக்கொண்டார்கள். இன்று வருகிறவளைத் திருப்பி அனுப்புவதற்கு இவ்வளவு அற்புதமான ஏற்பாடு இருக்கிறது. முன்னேற்றம் கண்கூடு.

பெருந்தகையாரை வென்று உள்ளே போனவளுக்கு என்ன பரிசு என்று கேட்பீர்கள். முதலாமாண்டில் கட்டில் விரிக்கவும், நோயாளிக்கு உடம்பு துடைக்கவும், கை கழுவவும் சொல்லித் தருகிறார்கள். இரட்டைப் பிளவு அன்றோடு மறந்துபோகிறது. அது மறக்கப்படுவதற்காகவே கற்பிக்கப்பட்டது என்பதால் எவருக்கும் வருத்தமில்லை. பட்டம் வாங்கியபின் எய்ம்ஸில் நர்சிங் ஆபீஸர் ஆக வேண்டுமா? 2020 முதல் அதற்கு நார்செட் என்ற இளவல் அவதரித்திருக்கிறார். மறுபடியும் கோச்சிங், மறுபடியும் மாக் டெஸ்ட், மறுபடியும் சுவரில் ரேங்க். நம் ஊரிலும் இந்தக் குலத்துக்குக் குறைவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் எழுத்துத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த செவிலிமார்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் வழங்கப்பட்டது. மகிழ்ச்சி தாளாமல் அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று நுழைவுத் தேர்வுக்குப் படித்தது அப்போதுதான் சிலருக்குப் பொருளோடு நினைவுக்கு வந்திருக்கும். வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பியவர்கள் அங்கே போக வேறு தேர்வுகளும் எழுதினார்கள். எழுதிப் பழகிய கை.

போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். எந்த வார்டிலாவது நைட் டியூட்டியில் தனியாளாக நிற்பவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவள் சிரிப்பாள், சிரிக்க நேரமிருந்தால்.

எல்லாம் இப்படிச் செம்மையாக நடக்கும்போது ஓர் ஆபத்து தலைநீட்டியிருப்பதைப் பெருந்தகையாரின் திருச்செவியில் போட்டுவைப்பது அடியேன் கடமை. அதே கவுன்சில் 2020ஆம் ஆண்டின் பி.எஸ்சி. நர்சிங் விதிமுறையில் ஒரு நுழைவுத் தேர்வு வடிவத்தை எழுதிவைத்திருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். அதுவரை பாதகமில்லை. ஐந்தாவதாக, சொல்லவே நாக் கூசுகிறது, நர்சிங்குக்கான மனப்பாங்கு என்று அதற்கும் 20 கொடுத்திருக்கிறார்கள். நூற்றில் ஐந்திலொரு பங்கு, நர்ஸ் வேலைக்கே! பெருந்தகையாரின் நூறு வினாக்களுக்குள் இந்தத் தொற்று இதுவரை பரவவில்லை. பரவாமலிருக்க வேண்டும்.

பரவித்தான் தீரும் என்றால், கோச்சிங் சென்டர்கள் கைகட்டி நிற்க மாட்டா என்பது ஒரு தைரியம். நோயாளி அழுகிறார், நீ என்ன செய்வாய்: (அ) தோளைத் தொடுவேன், (ஆ) டாக்டரைக் கூப்பிடுவேன், (இ) திரையை இழுத்துவிடுவேன், (ஈ) மேற்கண்ட அனைத்தும். ‘கருணை: ஆயிரம் மாதிரி வினாக்கள், விடைகளுடன்’ என்ற புத்தகம் அறிவிப்பு வந்த வாரமே கடைக்கு வந்துவிடும். “அழுகைன்னு வந்தா ஈ, வலின்னு வந்தா ஆ, பாக்காமயே அடி” என்று சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். பாட்டியைப் புரட்டிப் போட்டவள் அங்கும் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், எந்த நோயாளி, எதற்கு அழுகிறார் என்று. 72 விநாடி போய்விடும்.

ஆகவே பெருந்தகையார் சமுகத்துக்கு அடியேனின் விண்ணப்பம் இரண்டு. அந்த இருபது மதிப்பெண்ணை எப்பாடுபட்டாவது தடுத்து ஒளியியலுக்கே சேர்ப்பித்தருள வேண்டும். அது கூடாதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டால், இடம் தவறிக் காட்டிய ஒவ்வொரு கருணைக்கும் மூன்றிலொரு மதிப்பெண் கழித்தருள வேண்டும்.